அறுந்த கம்பிக்கு ஒரு பதில்

குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அவள் கைப்பேசியை எடுத்தாள். கூடத்தில் அவள் கணவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். சுற்றிலும் இரவல் நாற்காலிகள், அவற்றில் சொந்தக்காரர்கள். அழுதுவிட்டு முகம் கழுவ வந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. காலையிலிருந்து மூன்றாவது முறையாக அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தாள்.

இருந்தது. நேற்று நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவர் அனுப்பியது. 'மழை வருது. மாடியில துணி கிடக்கு.' அவ்வளவுதான்.

இன்று அதே நேரத்துக்கு அது தானாக மறைந்துவிடும். அந்தக் குழுவில் எதுவுமே ஒரு நாளுக்கு மேல் தங்காது, திரையைப் படம் எடுத்து வைக்கவும் முடியாது. அப்படி அமைத்து வைத்தவரும் அவர்தான்.

அது ஒரு விவாதக் குழு. அரசாங்கம் தெருவுக்குத் தெரு கேமரா வைப்பது, கைரேகை வாங்குவது, காசை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் டிஜிட்டல் பணமாக்குவது என்று காலை முதல் இரவு வரை அதில் சண்டை நடக்கும். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அவர் பெயர் 'அறுந்த கம்பி'. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன்மேனாக இருந்தவர். லைன் சோதிக்கும்போது காதில் விழுந்த ஊரார் குடும்பக் கதைகளை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒரு கம்பியைத் தொட்டால் ஒரு வீடே காதுக்குள் வந்துவிடும் என்பது தெரிந்துபோன மனிதர், அதற்குப் பிறகு எந்தக் கருவியையும் நம்பவில்லை. வீட்டிலிருந்த எல்லாக் கைப்பேசிகளின் கேமராவிலும் பிளாஸ்திரி ஒட்டி வைத்தார். கடைக்குப் போனால் ரொக்கம்தான்.

குழுவில் அவருக்கு ஜென்ம விரோதி ஒருவன் இருந்தான். 'காவல்காரன்' என்று பெயர். கேமரா வேண்டும், டிஜிட்டல் பணம் வேண்டும், ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம் என்று மல்லுக்கு நிற்பவன். அறுந்த கம்பியும் காவல்காரனும் மோதிக்கொண்டால் மற்றவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

காவல்காரன் இப்போது கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அது சும்மா ஒரு வேவு பார்க்கும் ஆசையில் தொடங்கியது. ஓய்வு பெற்றபின் வீட்டில் வாயைத் திறக்காத மனிதர், கைப்பேசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். எதைப் பார்த்து இந்தச் சிரிப்பு என்று அவளுக்குத் தாங்கவில்லை. மகள் கொடுத்த புதுக் கைப்பேசியோடு இன்னொரு எண்ணும் இலவசமாக வந்திருந்தது. அவர் கைப்பேசியிலிருந்து குழுவின் இணைப்பைப் பார்த்து வைத்து, அந்த எண்ணில் உள்ளே நுழைந்தாள். இரண்டு நாள் படித்தாள். மூன்றாம் நாள் அவர் எழுதிய ஒன்று அபத்தமாகப் பட்டது, பொறுக்க முடியாமல் பதில் போட்டாள். உடனே நீளமாகப் பதில் வந்தது. கல்யாணமான புதிதில்கூட அவர் அவளுக்கு அவ்வளவு நீளமாக ஒன்றும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில், அவள் சமையலறை ஸ்டூலில். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அவர் தட்டுவார், இந்தப் பக்கம் இவள் தட்டுவாள். நடுவே வந்து, "டீ போடட்டுமா?" என்பாள். அவர் நிமிராமல், "ம்" என்பார். டீயை வைத்துவிட்டுப் போய், அவரைக் கிழி கிழியென்று கிழித்து இன்னொன்று எழுதுவாள். வீட்டில் பால், மாத்திரை, கரண்ட் பில். குழுவில் உலகத்தில் உள்ள அத்தனையும்.

நேற்றும் அப்படித்தான். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் ஆகியிருந்தது. தேறிவிட்டார், நாளை மறுநாள் அனுப்பிவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காசு என்பது கையில் இருக்கும்வரைதான் நம் காசு, பொத்தானை அழுத்தினால் காணாமல் போவதற்குப் பெயர் பணமா என்று படுக்கையிலிருந்து அவர் சண்டைக்கு இழுத்தார். கல்லாவில் கள்ள நோட்டு விழுந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பார்கள் தெரியுமா என்று காவல்காரன் சூடாகக் கேட்டான். அதற்கு வந்த பதில்தான் மழையும் துணியும்.

படித்ததும் அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. விழுந்தடித்து மாடிக்கு ஓடினாள். கொடியில் பாதித் துணியை உருவிய பிறகுதான் கை நின்றது. அது அவளுக்கு வரவில்லை. காவல்காரனுக்கு வந்திருந்தது.

மழை வலுத்துவிட்டது. மிச்சத் துணியை அள்ளிக்கொண்டு இறங்கி வந்து பார்த்தபோது குழுவில் ஒரே சிரிப்பு. அறுந்த கம்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதைச் சண்டைக்கு நடுவே போட்டுவிட்டார் என்றார்கள். இது என்ன புது ரகசியக் குறியீடா என்று ஒருவன் கேட்டிருந்தான். அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. இரவுச் சாப்பாடு கொண்டுபோகும்போது நேரிலேயே கேட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். கேட்கப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள்.

தெரிந்து அனுப்பினாரா, தவறி அனுப்பினாரா? தெரிந்திருந்தால் நான்கு வருடமும் அவர் அவளோடு பேசியிருக்கிறார். தெரியாமல் இருந்தால் யாரோ ஒரு காவல்காரனோடு மனம்விட்டுப் பேசிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளோடு பேசியதெல்லாம் பாலும் மாத்திரையும்தான். இது ஒன்று தெரியாமல் எந்த மனிதருக்காக அழுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

"அம்மா, உள்ள என்ன பண்றே? தலை சுத்துதா?" மகள் கதவைத் தட்டினாள்.

"வரேன்."

வெளியே வந்தாள். மகளின் கையில் அவருடைய கைப்பேசி இருந்தது. காலையில் அதைத் திறக்க முடியாமல் திண்டாடி, ஒருவருக்கும் சேதி சொல்ல வழியில்லை என்று மகள் தவித்தபோது, அவள்தான் பூட்டு எண்ணைச் சொன்னாள். தினம் பார்த்துப் பார்த்து மனப்பாடமான எண். அரசாங்கம் பார்க்கிறது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சமையலறை வாசல் ஞாபகம் வரவில்லை. மகள் முகவரியோடு ஒரு சேதி எழுதி, இருந்த எண்களுக்கும் குழுக்களுக்கும் மொத்தமாக அனுப்பிவிட்டாள். விவாதக் குழுவில் முதலில் யாரும் நம்பவில்லை. முகவரி கொடுத்து நம்மை வரவழைக்க அரசாங்கம் போடும் வலை என்று ஒருவர் எச்சரித்தார். அப்புறம் ஒவ்வொருவராக இரங்கல் எழுதினார்கள். காவல்காரன் ஒரு வார்த்தை எழுதவில்லை, கல் நெஞ்சுக்காரன் என்று ஒருவர் திட்டியிருந்தார்.

மதியம் இரண்டு மணி சுமாருக்கு நாத்தனார் பரபரப்பாக உள்ளே வந்தாள். வாசலில் யாரோ ஒருவன் தொப்பியும் முகமூடியுமாக நின்றுகொண்டிருக்கிறானாம். பெயர் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறானாம். செருப்புத் திருட வந்தவன் மாதிரி இருக்கிறது, நகையைப் பத்திரமாக வை என்றாள்.

அவள் எழுந்து போனாள். அறுபது வயது இருக்கும், ஒடிசலான மனிதர். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே வரவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல் நின்றார். அவளைப் பார்த்ததும் முகமூடியை இறக்கினார். கண் சிவந்திருந்தது.

"நான் அவரோட சிநேகிதன்ம்மா. நேர்ல பாத்ததில்ல. இன்னைக்குத்தான் முதல் தடவை."

"எக்ஸ்சேஞ்சா?"

"இல்லம்மா. மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். ஒரு குழுவுல ரெண்டு பேரும் இருந்தோம். அதுல என் பேரு ஆந்தை." சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

அவளுக்கு அவரை நன்றாகத் தெரியும். விடிய விடிய விழித்திருந்து அவளைத் திட்டுபவர் அவர்தான். அரசாங்கத்தின் கைக்கூலி என்று அவளை முதலில் சொன்னவரும் அவர்தான். உள்ளே வரச் சொன்னாள். அவர் பெட்டியருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தபோது பக்கச் சந்தில், தண்ணீர்த் தொட்டியருகே ஒரு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார். கேமரா இல்லாத தெருவாகப் பார்த்துச் சுற்றி வந்ததில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டதாம்.

"உங்க குழுவுல அவருக்கு யாரோட சிநேகிதம் ஜாஸ்தி?" என்று கேட்டாள்.

"சிநேகிதம்னா நான்தான். ஆனா பேச்செல்லாம் காவல்காரன்னு ஒருத்தனோட. எதிரிம்மா அவன். அவனைக் குழுவுலேருந்து தூக்கிடலாம்னு எத்தனையோ தடவை சொன்னோம். இவர் விடல."

"ஏனாம்?"

"கேட்டா சிரிப்பார். அது மட்டுமில்ல, ராத்திரி ஒன்பது மணி ஆச்சுன்னா எங்களுக்குத் தனியா எழுதுவார். 'போதும் நிறுத்துங்க, காவல்காரன் பிரஷர் மாத்திரை போட்டாச்சு, இனிமே கோபப்பட்டா தூக்கம் வராது, மிச்சத்தைக் காலையில வச்சுக்கலாம்'னு. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். 'மாத்திரையை அட்டையிலேருந்து பிதுக்குற சத்தம் இங்க கேக்குது'ன்னார். நக்கல்ம்மா அவருக்கு."

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போலேருந்து இப்படி?"

ஆந்தை யோசித்தார். "ஒரு தடவை அந்தக் காவல்காரன் ஒரு கதை எழுதினான். தெரிஞ்சவங்க யாரோ, கடையில கல்லா பாக்குறவங்க, பணம் எடுத்துட்டதா முதலாளி பழி போட்டுட்டானாம், கேமராதான் காப்பாத்துச்சாம். அன்னைக்கு ராத்திரி இவர் ஒண்ணுமே எழுதல. அதுக்கப்புறம்தான்."

அது அவள் கதைதான். வீட்டில் அவரிடம் சொல்லவே இல்லை. குழுவில் எழுதியதற்கு மறுநாள் மாலை, அத்தனை வருடத்தில் முதல்முறையாக, அவர் அவளைக் கூட்டிப்போக அவள் வேலை பார்த்த கடைக்கு வந்து நின்றார். இந்தப் பக்கம் வேலை இருந்தது என்றார். கல்லாவுக்கு மேலே இருந்த கேமராவை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். கண்டதையெல்லாம் திட்டுகிறவர் அன்று அதைத் திட்டவில்லை. அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். பாவி மனிதர், எல்லாம் தெரிந்துகொண்டே என்னை வேடிக்கை பார்த்திருக்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் கண்காணிப்பு கண்காணிப்பு என்று கத்திவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே. சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? சொல்லியிருந்தால் மறுநாளே அவள் நிறுத்தியிருப்பாள். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவள் தொட்டியிலேயே சாய்ந்து அழுதாள். ஆந்தை பயந்துபோய் எழுந்து நின்றார். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா என்று கேட்டார்.

"இல்ல. நீங்க உக்காருங்க. அந்தக் காவல்காரன் அப்படி ஒண்ணும் மோசமான ஆளா இருக்க மாட்டான்."

"என்னமோம்மா. இரங்கல்கூட எழுதல."

மூன்றரைக்கு வண்டி வந்தது. நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். ஆந்தை ஐந்தாவதாகக் கைகொடுத்தார். தொப்பியைக் கழற்றிச் சைக்கிள் கூடையில் வைத்திருந்தார். தெருமுனைக் கேமரா அவர் முகத்தை நன்றாகவே பார்த்திருக்கும். மகள் வண்டியில் ஏறினாள். நாத்தனார் கூடத்தைக் கழுவ ஆள் கூப்பிடப் போனாள்.

அவள் படுக்கையறைக்குள் வந்தாள். கட்டில்மேல் நேற்று அள்ளிப் போட்ட துணி அப்படியே குவியலாகக் கிடந்தது. அடியில் இருந்தவை ஈரம் காயாமல் லேசாக வாடை அடித்தன. கைப்பேசியைத் திறந்தாள். வரி இன்னும் இருந்தது. மகளின் கைப்பேசி மேசைமேல் கிடந்தது. படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று அதை எடுத்துத் திருப்பினாள். கேமராமேல் அவர் ஒட்டிய பிளாஸ்திரி. ஒரு ஓரம் உரிந்திருந்தது. நகத்தால் பிய்க்கப் போனவள், ஓரத்தை அழுத்தி ஒட்டிவிட்டு மேசைமேல் திரும்ப வைத்தாள்.

பிறகு தன் கைப்பேசியில் அவருடைய வரியைத் தொட்டு, அதன் கீழே பதில் எழுதினாள். நான்கு வருடத்தில் காவல்காரன் எழுதியதிலேயே சின்னப் பதில் அதுதான்.

'துணி எடுத்தாச்சு.'

அனுப்பினாள். யார் யாரோ கேள்விக்குறிகளாகப் போடத் தொடங்கினார்கள். அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். குவியலிலிருந்து அவருடைய சட்டையை உருவி, ஒரு தடவை உதறி, காலரை நீவி, மடிக்கத் தொடங்கினாள்.