வேலாபியின் முழங்கால்

எஷோவே மலைச்சரிவில் இருபத்திரண்டு வருடமாக எலும்புகளை உருட்டிக் குறி சொல்லி வைத்தியம் பார்ப்பவர் வேலாபி. யார் எந்த நோயோடு வந்தாலும் காரணம் சொல்லாமல் அனுப்பியதில்லை. தெரியாவிட்டாலும் சொல்லிவிடுவார். குரல் கணீரென்று இருந்ததால் யாரும் திருப்பிக் கேட்டதும் இல்லை. அப்பேர்ப்பட்டவரின் வலது முழங்கால் ஒரு நாள் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

வைத்தியர் தனக்குத்தானே எலும்பு உருட்டினால் அதன் வழியே பேசும் முன்னோர்கள் வாய் திறக்கமாட்டார்கள். வேறொருவரிடம்தான் போக வேண்டும். நடக்கிற தூரத்தில் இருந்த இன்னொரு வைத்தியர் லிண்டேனி ஒருத்திதான்.

"அவகிட்டயா? தீட்சை வாங்கி மூணு வருஷம்கூட ஆகல. சூப்பர் மார்க்கெட்ல தரை துடைக்கிறவ," என்றார்.

"அப்போ நொண்டிக்கிட்டே இருங்க," என்றாள் மனைவி நொக்கூலா.

டாக்ஸி ஸ்டாண்டில் பத்து பேர் நடுவே, 'லிண்டேனி எலும்பு உருட்டினா துடைப்பம்தான் பதில் சொல்லும்' என்று அவர் அடித்த கிண்டல் அவள் காதுக்குப் போகாமலா இருந்திருக்கும்? அதுதான் முழங்காலைவிட அதிகமாகக் குத்தியது.

சனிக்கிழமை காலை அவள் வாசலில் செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்ததுமே லிண்டேனி மண்டியிட்டு, தலை கவிழ்ந்து, மெல்லக் கைதட்டி வரவேற்றாள். தீட்சையில் மூத்தவருக்குச் செய்கிற மரியாதை அது. வேலாபி தானும் மண்டியிட்டார்.

"நீங்க எந்திரிங்க மக்கோசி. நீங்க எனக்கு மூத்தவங்க," என்றாள்.

வைத்தியர்களை மரியாதையாக அழைக்கும் அந்தச் சொல்லை அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நாக்கு கொஞ்சம் தடுக்கியது.

"இன்னிக்கு நான் நோயாளி, மக்கோசி. நீ எந்திரி."

"மூத்தவங்க எந்திரிக்காம நான் எப்படி எந்திரிப்பேன்?"

"எந்திரிக்கத்தான் பாக்குறேன். முடியல."

சிரித்துக்கொண்டே கைத்தாங்கலாகத் தூக்கிப் பாயில் உட்கார வைத்தாள்.

"அந்தத் துடைப்பம் விஷயம்... தப்பு என்மேலதான்," என்றார், பாயைப் பார்த்தபடி.

"கேள்விப்பட்டேன். என்கூட வேலை பாக்குறவங்க இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. விடுங்க."

மூலிகைப் புகை போட்டு எலும்புகளை உருட்டினாள். உற்றுப் பார்த்தாள். மறுபடி உருட்டினாள்.

"எனக்குத் தெரியல, மக்கோசி."

வேலாபிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏதாவது சொல்லு. நான் தலையாட்டிட்டுப் போறேன்."

"காட்டாததை எப்படிச் சொல்றது? கிளினிக்ல காட்டுவோம். எனக்கு இன்னிக்கு லீவுதான், கூட வரேன்."

கிளினிக்கில் முழங்காலில் கோத்திருந்த நீரை உறிஞ்சி எடுத்து மாத்திரை கொடுத்தார்கள். பதினைந்தே நாளில் வீக்கம் வடிந்தது.

அடுத்த மாதம் எம்பங்கேனியிலிருந்து ஒருவர் தூக்கமில்லை என்று வந்தார். வேலாபி மூன்று முறை உருட்டினார். எலும்புகள் வாய் திறக்கவில்லை. பழைய கணீர்க்குரல் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"எனக்குத் தெரியலப்பா."

"ரெண்டு டாக்ஸி மாறி வந்தது இதைக் கேக்கவா?" என்று அவர் கொதித்தார். எழுந்து போவார் என்றுதான் வேலாபி நினைத்தார். அவரோ போகவில்லை. பாயில் நன்றாக உட்கார்ந்துகொண்டு, தம்பியோடு போட்ட சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார். அவன் சாவுக்குக்கூடத் தான் போகாததைச் சொன்னார். அழுதார். வேலாபி குறுக்கே பேசவே இல்லை. தேநீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தார்.

கிளம்பும்போது அந்த மனிதர் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"புட்டுப் புட்டு வச்சிட்டீங்க, மக்கோசி. எல்லாமே சரி."