மூன்றாவது வரிசையில் ஒரு பூ

என் புருஷன் தெரெயி நல்லவன்தான். மீன் பிடிப்பான், தேங்காய் துருவுவான், தேவாலயத்தில் கணீரென்று பாடுவான். ஆனால் சட்டைக்கு இஸ்திரி போடக் கிளம்பினால் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது நல்லது. அந்தத் திங்கட்கிழமை நான் இல்லை. மேசையில் கிழங்கு குவிந்து கிடந்ததாம். அதனால் நம்ம துரை, வெயில் காட்டி எடுத்து, மடிப்பதற்காக நான் கட்டிலில் விரித்திருந்த திவைவைப் போர்வையின் மேலேயே சட்டையைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். வாசலில் யாரோ கூப்பிட, இஸ்திரிப் பெட்டியை அப்படியே குப்புறப் போட்டுவிட்டுப் போய் வலை விஷயம் பேசியிருக்கிறார். நான் வந்து பார்த்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு பூ கருகிப்போயிருந்தது.

திவைவை என்றால் கடையில் வாங்கும் போர்வை இல்லை. கட்டைவிரல் நக அளவுத் துணிச்சதுரங்கள், ஆயிரக்கணக்கில். ஒருத்தி நிறத்தை வரிசையாகச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் சதுரங்களை நூலில் கோத்துக்கொண்டு, அந்த வரிசை பிசகாமல் தைக்க வேண்டும். எங்கள் தீவில் நிறம் சொல்கிறவள் என் நாத்தனார் மாகிரோவா. பெண்கள் சங்கத்துக்குத் தலைவியும் அவள்தான். இந்தத் திவைவையை மட்டும் நிறம் சொன்னதும் கோத்ததும் தைத்ததும் அவள் ஒருத்தியே.

மாமியார் சாவு விருந்தில் அவள் சமைத்த பன்றிக்கறி வேகவில்லை என்று நான் நாலு பேர் முன்னால் சொல்லித் தொலைத்தேன். இரண்டு வருஷம் பேச்சில்லை. பிறகு என் மகனுக்கு முடிவெட்டும் சடங்கு நடந்த அன்று, அழைக்காமலே வந்து, அவனை உட்காரவைத்த நாற்காலியின் மேல் இதை விரித்தாள். நான் அழுதுவிட்டேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அன்று முதல் எட்டு வருஷமாக, அவளோடு வம்பளக்காமல் எனக்கு ஒரு நாள் விடிந்ததில்லை. இதைக் கருக்கிவிட்டோம் என்று தெரிந்தால் மறுபடி பேச்சை நிறுத்திவிடுவாள். இந்த முறை சாகும்வரைக்கும்.

அடுத்த வாரம் புதன்கிழமை சங்கத்தின் வருஷாந்தரச் சோதனை. வீடு வீடாக வந்து, திவைவைகளை விரிக்கச் சொல்லிப் பார்த்து, நோட்டில் மதிப்பெண் போடுவார்கள். ஒளித்துவைக்க முடியாது.

கருகின பூவின் தையலைப் பிரித்து எடுத்தேன். எது எந்த நிறம் என்றே தெரியவில்லை. அதனால் என்ன, பக்கத்துப் பூவைப் பார்த்து அதே வரிசையில் கோத்துக்கொண்டேன். சிவப்பும் பச்சையும் என் பெட்டியில் இருந்தன. கடல் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்து அவற்றின் புதுமெருகை அடக்கினேன். பப்பாளிப்பழ நிறம் மட்டும் இல்லை. அந்தத் துணி கடைக்கு வருவது நின்று பல வருஷம் ஆகிறது. தீவில் அது மிச்சம் இருந்த ஒரே இடம் மாகிரோவாவின் ஞாயிற்றுக்கிழமை அங்கி.

என்னைத் திருடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் கிழங்கு வயலுக்குப் போயிருந்தபோது, கொடியில் காய்ந்த அங்கியின் கீழ்மடிப்பைப் பிரித்து, உள்ளே நாலு விரல் அகலம் வெட்டிக்கொண்டு, மறுபடி தைத்துவிட்டேன். ஞாயிறன்று தேவாலயப் படியில் கடல்காற்று அடித்ததும், கனம் குறைந்த அங்கி ஜோராக மேலே எழும்பியது. இரண்டு கையாலும் அதை அமுக்கிக்கொண்டு, இந்த வருஷம் காற்றுக்கு மரியாதையே இல்லை என்று அவள் திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து காற்றைத் திட்டினேன்.

புதன்கிழமை வந்தார்கள். விரித்தேன். பழைய பூ எது, புதுப் பூ எது என்று எனக்கே தெரியவில்லை. சங்கத்துப் பெண்கள் ஆகா என்றார்கள். மாகிரோவா நேராக மூன்றாவது வரிசைக்குப் போய் அந்தப் பூவின் முன்னால் நின்றாள். குனிந்தாள். விரலால் தொட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். முழு மதிப்பெண் போடச் சொல்லிவிட்டு, மற்றவர்களை அடுத்த வீட்டுக்கு அனுப்பினாள். என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அந்தப் பூவுல நடுவுல ஒரு மஞ்ச சதுரம் இருக்கணுமே. எங்க அது?"

எல்லாப் பூவிலும் நடுவில் சிவப்புதானே இருக்கிறது என்றேன்.

"எல்லாத்துலயும் செவப்புதான். அதுல மட்டும் மஞ்ச. தப்பாக் கோத்துட்டேன்டி. அன்னைக்கு நாற்காலி மேல விரிச்சப்பறம்தான் கண்ணுல பட்டுது. எட்டு வருஷமாச் சோதனைக்கு வர்றப்பல்லாம், எவளும் பாத்துரக் கூடாதுன்னு முன்னால போய் நின்னு மறைச்சுக்கிட்டிருக்கேன்."

ஊருக்கெல்லாம் நிறம் சொல்கிறவள். பாவமாக இருந்தது. அதைவிடச் சிரிப்பு வந்தது. இனி மறைத்துப் பயனில்லை என்று, அங்கி விஷயம் தவிர எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உங்க தம்பி கருக்கிட்டாரு மதினி. நான் பக்கத்துப் பூவப் பாத்துத் தச்சேன். நீங்க பேசாமப் போயிருவீங்கன்னு பயந்து சொல்லல."

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். மாகிரோவா என் காதோரம் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"தையல் தெரியவே இல்ல," என்றாள். "பாதிரியார் வீட்டுத் திவைவையில நான் நெறம் மாத்திச் சொன்ன தப்பு மூணு இருக்கு. பாதிரியாரம்மா வெள்ளிக்கிழம பூராவும் வீட்டுல இருக்காது. ஊசிய எடுத்துக்கிட்டு வந்துரு."