ஏருக்கு மழை

2023 செப்டெம்பர் 16, சனிக்கிழமை, ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரின் வடக்கில் ஒரு கலியாண மண்டபத்தில் தங்கராசாவின் 'நீத்தார் பாமாலை' வெளியிடப்பட்டது.

அந்த வட்டாரத்தில் எந்தத் தமிழர் செத்தாலும், முப்பத்தோராம் நாள் கொடுக்கும் 'கல்வெட்டு' என்னும் நினைவுப் புத்தகத்துக்குப் பாட்டு எழுதியவர் தங்கராசாதான். அந்தப் பாட்டுகளின் திரட்டு இது. ஆய்வுரைக்கு மகள் பிரபாலினியையே அழைத்திருந்தார். ஹிலாரியோ பெனால்வா என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞரை ஆராய்ந்து, அந்தக் கோடையில்தான் அவள் பான் நகரில் கலாநிதிப் பட்டம் பெற்றிருந்தாள். பெனால்வாவை ஸ்பெயினிலேயே பலருக்குத் தெரியாது.

படித்த காலமெல்லாம் அப்பா அவளை வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் நையாண்டி செய்தார். "செத்த வெள்ளைக்காரனுக்குக் கல்வெட்டு எழுதுறாள். அதுக்கும் ஆக்கள் வேணும்தானே!"

அன்று காரில் வரும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. "பிள்ளை, இது கவிதைதான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நீ சொன்னாச் சனம் நம்பும்."

"ஓம் அப்பா," என்றாள்.

மேடையில் பெனால்வாவைப் பற்றித் தொடங்கினாள். சிற்றூர்க் குமாஸ்தா. ஊரில் செத்த ஒவ்வொருவருக்கும் இரங்கற்பா எழுதியவர். நீதவானுக்கும் இறைச்சிக்கடைக்காரனுக்கும் ஒரே பாட்டுத்தான். பெயர் மட்டும் மாறும். பிறகு அப்பாவின் புத்தகத்தை விரித்து மூன்று பாட்டுகளை வாசித்தாள். மூன்றும் ஒன்றுதான்:

"ஊருக்கு விளக்காய், உறவுக்கு நிழலாய், ஏருக்கு மழையாய் இருந்தவரே!"

மூன்றாவது பெயர் கமலநாயகியின் கணவருடையது. கமலநாயகி முன்வரிசையிலிருந்து எழுந்தார். "அண்ணை, என்ர மனுசன் ஏரைக் கண்ணாலயும் காணேல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் துவக்கம் ரெஸ்ரோறன்ரில கோப்பை கழுவினவர்."

மண்டபம் சிரித்தது. பின்னாலிருந்து சில்வெஸ்டர் என்ற கிழவர் கத்தினார்: "அப்ப எனக்கும் உதுதானோ? இப்பவே பாடமாக்கிறன்!"

தங்கராசாவும் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது. பிரபாலினி அதைக் கண்டாள். கண்டுவிட்டு, நாலாவது பாட்டுக்குப் பக்கத்தைத் திருப்பினாள்.

காரில் வீடு திரும்பும்போது அவர் ஒன்றுதான் கேட்டார். "அந்த வெள்ளைக்காரன் செத்த நேரம் அவனுக்கு ஆர் எழுதினது?"

"ஒருத்தரும் எழுதேல்லை."

அதன் பிறகு அவரிடம் யாரும் பாட்டுக் கேட்டு வரவில்லை. தை மாதம் மாரடைப்பில் இறந்தார். கல்வெட்டைப் பிரபாலினி அச்சிடுவித்தாள். அதில் ஒரு பாட்டு இருந்தது. ஊருக்கு விளக்காய், உறவுக்கு நிழலாய், ஏருக்கு மழையாய் இருந்த தங்கராசாவைப் பற்றியது. முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள்.