கௌதாரித் தெரு ஒட்டவில்லை

ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கேள்வி’. கணினியைக் கேட்பது போதாதென்று மனுஷர்களையும் விடாமல் துளைத்தெடுப்பாள். அன்று மதியம் அந்தக் கேள்விக்கே தலை சுற்றியது.

வேலை என்னவோ சின்னதுதான். ஓர் அட்டவணையில் வீடுகள். இன்னொன்றில் தெருக்களும், அந்தந்தத் தெருவுக்கு வண்டி போகவேண்டிய புது வழியும். தெருப் பெயரை வைத்து இரண்டையும் இணைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் வழியை எழுதிவிட வேண்டும். மற்ற தெருவெல்லாம் சமர்த்தாக ஒட்டிக்கொண்டது. கௌதாரித் தெரு மட்டும் அடம் பிடித்தது. அங்கிருந்த நாற்பத்து மூன்று வீட்டுக்கும் வழி காலியாகவே இருந்தது.

வீடுகளின் பட்டியலைத் தட்டச்சு செய்தவர் அவள் கணவனின் அக்கா. பத்து நாளுக்கு முன் அந்தத் தெருவை இரண்டாம் முறை அடித்தும் ஒட்டாதபோது, “கண்ணை எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க அண்ணி” என்று எல்லார் முன்னாலும் கேள்வி வாயை விட்டுவிட்டாள். அண்ணியின் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் பார்வை போனது. அண்ணிக்கு இப்போது ஐம்பத்தொன்று. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அண்ணி மூன்றாம் முறையும் அடித்துக் கொடுத்தார். இன்றும் சரிவராவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வரப்போவதில்லை என்றும் காலையில் சொல்லிவிட்டார்.

கேள்வி இரண்டு பெயரையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். வித்தியாசமில்லை. முன்னே பின்னே இடைவெளி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று துழாவினாள். அதுவுமில்லை. இரண்டையும் தாளில் அச்செடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மயிரிழைகூட விலகவில்லை. கடைசியில், பெயரில் எழுத்து, கால், கொம்பு, புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து எத்தனை குறிகள் என்று கணினியையே எண்ணச் சொன்னாள். ஒன்றில் பதின்மூன்று, மற்றதில் பதினான்கு.

அவளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. அது யார்?

“அண்ணி, என் எதிர்ல ஒரு தடவை அடிங்க. மெதுவா.”

“நாலாவது தடவையா?”

“திரையைப் பார்க்கப் போறதில்ல. உங்க விரலைத்தான் பார்க்கணும்.”

விரல் ஒற்றைக் கொம்பைத் தட்டியது. பிறகு ‘க’. பிறகு ‘ள’.

“ஏன் ‘ள’ அடிச்சீங்க?”

“பின்ன? தட்டச்சு மெஷின்ல ‘கௌ’வுக்கு அப்படித்தானே அடிப்போம்? முப்பது வருஷமா இந்த விரல் அதைத்தான் அடிக்குது.”

கணினிக்கோ கொம்பும், ‘ள’ போலவே தெரியும் பக்கத்துக் குறியும் சேர்ந்து ஒரே எழுத்துக் குறி. அண்ணி அடித்தது ‘கெ’, ‘ள’ என்று இரண்டு தனி எழுத்து. பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். ‘கௌ’ வருவது அந்தத் தெருவின் பெயரில் மட்டும்தான். அதில் எழுத்தை மாற்றிவிட்டு, கேள்வி மறுபடி இணைத்தாள். நாற்பத்து மூன்று வீட்டுக்கும் வழி வந்து உட்கார்ந்தது.

“அப்போ நான் சரியாத்தான் பார்த்தேனா?”

“யார் பார்த்தாலும் இது தெரியாது அண்ணி. எனக்கே தெரியல. கண்ணுன்னு சொன்னது என் தப்பு.”

அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“பத்து நாளா ராத்திரி நான் விளக்கையே அணைக்கல,” என்றார். “அணைச்சா, இருட்டு அறையிலயா என் கண்ணுலயான்னு எப்படித் தெரியும்?”