ஆடாமல் வந்த வண்டி

மார்ச் 14, சனி. மாலை 7.30.

முதலில் தவறை எழுதிவிடுகிறேன். இன்று கேரவனின் மூக்கை, அதாவது காரின் கொக்கியில் மாட்டும் முன்முனையை, முதல் முறை எடை பார்த்தபோது, அதற்கு முட்டுக் கொடுத்த கட்டை ஒரு சாண் நீளம் அதிகம். அதனால் வண்டி பின்பக்கம் சாய்ந்து நின்றிருக்கிறது. மட்டமாக நிறுத்தித்தான் பார்க்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை மாலை, கேரவன் இழுத்து ஓட்டும் வகுப்பிலேயே சார் சொன்னார். அடிக்கோடு போட்டுக் குறித்தும் வைத்திருக்கிறேன். பின்னால் சாய்ந்தால் எடைக்கருவி குறைவாகக் காட்டும். எவ்வளவு குறைவாக என்று சார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மற்றதை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அத்தான் விட்டுப் போன பிறகு அக்காவால் அந்த வீட்டை வைத்துக்கொள்ள முடியவில்லை. இன்று நண்பகலில் சாவியை ஒப்படைத்தாள். காரின் பின்னால் மாட்டி இழுக்கும் தன் பழைய கேரவனை மாமா குடியிருக்கக் கொடுத்தார். பிள்ளைகளின் பள்ளிக்குப் பின்புறம் கேரவன்களை நிறுத்திக் குடியிருக்கும் வளாகம் ஒன்று உண்டு. அங்கே ஒரே ஓர் இடம் காலியாகியிருந்தது. இன்று நாலு மணிக்குள் வண்டியோடு போய் நின்றால் அது அக்காவுக்கு; இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்கு. மாமா வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணம்.

மாமா வீட்டுக்கு நான் போனபோது மணி இரண்டு. அக்காவின் தையல் மெஷின்கள் இரண்டையும் இரும்புக் கால்களோடு கேரவனின் பின்சுவரில் போல்ட் போட்டு முறுக்கி முடித்திருந்தார் மாமா. வழியில் உருளக்கூடாது என்று ஒரு மணி நேரம் பாடுபட்டிருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மெஷின்களின் மேல் துணி மூட்டைகள்.

கனமெல்லாம் வாலில் இருந்தால் மூக்கு காரின் கொக்கியை அழுத்தாது. அப்படிப்பட்ட வண்டி வேகம் எடுத்ததும் வாலை ஆட்டத் தொடங்கும். ஆட்டம் கூடினால் காரையும் இழுத்துக்கொண்டு கவிழும். போகிற வழியில் பாலத்திலிருந்து இறங்கும் நீண்ட சரிவு வேறு இருக்கிறது. மூக்கின் கீழே ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் கருவியை வைத்து, அதன்மேல் கட்டையை நிறுத்தினேன். அந்த வண்டிக்கு எழுபது கிலோவாவது காட்ட வேண்டும். இருபத்தெட்டு காட்டியது.

“என்ன டீச்சரம்மா, வண்டி இளைச்சுப் போச்சா?” என்றார் மாமா.

“பின்னால பாரம் ஜாஸ்தி மாமா. மெஷினைக் கழட்டி நடுவுல, சக்கரத்துக்கு மேல வைக்கணும்.”

“கழட்டணுமா? நான் லாரி ஓட்டுறப்ப நீ பொறக்கவே இல்ல. எந்த லாரிக்கு எவன் மூக்கைப் புடிச்சு எடை பாத்தான்?”

“லாரி வேற, இது வேற மாமா.”

“எத்தனை கிளாஸ் போயிருக்கே?”

“அஞ்சு.”

“அஞ்சு!” அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “இன்னும் லைசென்ஸே வரல. அதுக்குள்ள இந்த அலட்டல்.”

பிள்ளைகள் மாமாவின் காரில் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள். நான் கதவைத் திறந்து இருவரையும் இறக்கினேன். யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

அக்கா கிட்டே வந்தாள். “மணி ரெண்டு இருபது. இப்பக் கழட்டினா நாலுக்குப் போய்ச் சேர முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும்க்கா.”

“மெதுவா ஓட்டினா?”

“சரிவுல தானா வேகம் எடுக்கும்.”

“உனக்கு நிச்சயமாத் தெரியுமாடி?”

எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரிந்ததில்லை. கதவைப் பூட்டினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள் நான். “நிச்சயமாத் தெரியும்” என்றேன்.

அக்கா பிள்ளைகளைப் பார்த்தாள். “கழட்டிடுங்க மாமா.”

மாமா ஸ்பேனரைத் தரையில் வீசினார். யாரும் எடுத்துக் கொடுக்காததால் அவரே குனிந்து எடுத்தார். போல்ட்கள் லேசில் வரவில்லை. அவர் முறுக்கியவை ஆயிற்றே. ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு விழுந்தது. மூன்று மணிக்கு அக்கா வளாக அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது.

“நாலுன்னா நாலுதாம்மா. அடுத்த ஆளு இங்கயே வந்து உக்காந்திருக்காரு.”

“ஒரு அரைமணி நேரம் சார். சின்னப் பசங்கள வச்சிட்டு…”

“அவருக்கும் பசங்க இருக்கும்மா.”

மெஷின்களை நடுவில் வைத்துக் கட்டிய பிறகு மறுபடி எடை பார்த்தேன். பழைய கட்டை எங்கோ உருண்டு போயிருந்ததால் வேறொன்று எடுத்தேன். மூக்கு சரியாகக் கொக்கியின் உயரத்துக்கு வந்து நின்றது. எழுபத்து நாலு. அப்போதுதான் முதல் கட்டையின் நீளம் எனக்கு உறைத்தது. மணி மூன்று இருபத்தைந்து. நான் வாயைத் திறக்கவில்லை.

வழி முழுவதும் வண்டி கோடு போட்டதுபோல் வந்தது. பாலத்துச் சரிவில் ஒரு பெரிய லாரி எங்களைச் சீறித் தாண்டியது. காற்று அறைந்தது, கேரவன் அசையவில்லை.

“பாத்தியா? துளி ஆடுச்சா?” மாமா கண்ணாடியில் என்னைத் தேடினார். “இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?”

“மாத்தி வச்சதாலதான் மாமா ஆடல.”

“ஆமாமா. நான் தினம் குடை எடுத்துட்டுப் போறேன், அதனாலதான் மழை பெய்யல.”

பெரியவன் சிரித்தான். முன்சீட்டில் அக்கா சிரிக்கவில்லை.

நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கேரவன் நின்றது. ஒருவர் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவர் தன் சக்கரங்களுக்கு முட்டுக்கூட வைக்கவில்லை. அதையெல்லாம் கவனிக்க என்னால் முடிந்தது.

வந்த வழியே திரும்பினோம். கேரவனைத் தன் தெருவில் ஓரமாக நிறுத்திவிட்டு, மாமா சாவியோடு உள்ளே போனார். தெருவில் நிற்கும் வண்டியில் குடியிருக்க முடியாது; அக்காவும் பிள்ளைகளும் இப்போது என் அறையில். ஒரு கட்டில், ஒரு மேசை, நாலு பேர். இங்கிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

போர்வையை உதறிக்கொண்டே அக்கா கேட்டாள். “இத்தனை வருஷத்துல உனக்கு ஒரு விஷயமாவது நிச்சயமாத் தெரிஞ்சிருக்கா? இன்னிக்குத்தான் தெரியணுமா?”

நான் பிள்ளைகளுக்குப் பாயை விரித்தேன்.

“அந்த இருபத்தெட்டு. தப்பா இருக்க வழியே இல்லையா?”

“இல்லக்கா.”

இதை எழுதும்போது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. மெஷின்களை மாற்றாமலே போய் வண்டி கவிழ்ந்திருந்தால் நான் சொன்னது சரி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். யாரும் உள்ளே இல்லாமல், கேரவன் மட்டும் கவிழ்ந்திருந்தால் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்ததையும் எழுதி வைக்கிறேன்.

நாளை, ஞாயிறு: வளாக அலுவலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும். ஏழரைக்குக் கிளம்ப வேண்டும். பட்டியலின் கடைசியில் அக்காவின் பெயரை எழுதிவிட்டு வர வேண்டும்.