இலைக்கு அடியில் துரு

வியாழக்கிழமை காலை வாசல் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் டிங்கர் அதைப் பார்த்தார். காற்றில் ஓர் இலை புரண்டது. அடிப்பக்கம் முழுக்கத் துரு. அடுத்த இலையைத் திருப்பினார். அதிலும். முப்பது வருஷமாகக் கார் பட்டறையில் கதவையும் மட்கார்டையும் சுரண்டியவர் அவர்; துருவின் திருட்டுத்தனமெல்லாம் அத்துப்படி. மேலே பெயின்ட் மினுங்கும், அடியில் அரித்துக்கொண்டே போகும்.

மரம் மனைவியுடையது. மகளின் பிரசவத்துக்குப் போனவள் மூன்று வாரமாக அங்கேயே இருக்கிறாள். வாசலில் இருப்பதே கையகல மண். அதற்கென்று தேடிப்பிடித்தது, பெரிய வெள்ளைப் பூ பூக்கும் குட்டை ரக மக்னோலியா. "வருஷம் பூரா பச்சையா இருக்கும், வளர்ந்தாலும் அடக்கமா நிக்கும். உங்கள மாதிரி இல்ல" என்று சொல்லித்தான் நட்டாள். மூன்று வருஷம் இவரைக் கிட்ட விடாமல் தானே கண்ணுங்கருத்துமாய் வளர்த்து, இப்போதுதான் முதல் மொட்டு. அவள் வருவதற்குள் மரத்துக்கு ஏதாவது ஆனால், இவர் எந்த முகத்தோடு கதவைத் திறப்பது?

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சோப்புத் தண்ணீரும் பிரஷுமாக உட்கார்ந்து இலை இலையாகத் தேய்த்தார். துரு கொஞ்சம் வந்தது, கூடவே இலையும் கிழிந்தது. மறுநாள் தேய்த்த இலைகளெல்லாம் துவண்டு தொங்கின. மனைவி போனில் கேட்டபோது, "அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்று சொல்லிவிட்டாரே தவிர, சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஓர் இலையை டிபன் பாக்ஸில் வைத்து நர்சரிக்கு எடுத்துப் போனார். நர்சரிக்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதுல என்ன கோளாறு?"

"துரும்மா. அடியில பாருங்க."

"துருவா! இந்த ரகத்துக்கு நெறமே அதுதாண்ணே. தடவிப் பாருங்க, வெல்வெட்டு மாதிரி இருக்கும். பொறந்ததுலேருந்தே அப்படித்தான்."

"நான் தேய்ச்சிட்டேனே!"

"தேய்ச்சது கொட்டிடும், புதுசு வந்துடும். மரத்துக்கு ஒண்ணுமில்ல."

போன உயிர் திரும்பி வந்தது. டிங்கர் பக்கத்திலிருந்த உர மூட்டையில் பொத்தென்று உட்கார்ந்தார். அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினார், பொய் சொன்னது உட்பட.

"எவ்வளவு தேய்ச்சீங்க?"

"கீழ்க் கிளை ரெண்டும்."

"மொட்டு?"

"அது உச்சியில இருக்கு. எட்டல. ஏணிய வாங்கிட்டுப் போன எதிர்வீட்டுக்காரரு இன்னும் திருப்பித் தரல."

"அந்த மனுஷன் நல்லா இருக்கணும்!" என்றவள், சிரிக்க ஆரம்பித்தாள். இவருக்கும் தொற்றிக்கொண்டது. மூட்டையைத் தூக்க வந்த ஆள், இவர் எழுந்திருப்பார் என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் அடுத்த மூட்டையில் தானும் உட்கார்ந்துகொண்டார்.