ஐந்தாவது வாஷர்

டெல்மர் நிட்ச்கேயின் மூக்கு என்றால் ஷெபாய்கன் வட்டாரத்தில் வீட்டில் பியர் காய்ச்சுகிற எல்லாருக்கும் கொஞ்சம் பயம்தான். கோப்பையை மூக்குக்குக் கீழே கொண்டுபோய் ஒரே ஒரு இழுப்பு. காய்ச்சியவர் எங்கே அவசரப்பட்டார், எந்தக் குழாயைக் கழுவாமல் விட்டார் என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். சொல்வதில் தயவு தாட்சண்யம் கிடையாது. அதனால்தான் பியர் காய்ச்சுகிறவர்கள் சங்கத்தின் மார்ச் மாதப் போட்டியில் வருஷா வருஷம் லாகர் என்கிற வெளிர் நிற பியரின் நடுவர் மேஜை அவருக்கு. கறுப்பு பியரில் ஆயிரம் தப்பை ஒளித்து வைக்கலாம், வெளிர் லாகரில் ஒன்றுகூட முடியாது. ஹீட்டருக்குப் பக்கத்து மூலையில் இரண்டு நாற்காலி, ஒரு தட்டு உப்பில்லாத பிஸ்கட், மிச்சத்தைக் கொட்ட ஒரு வாளி. பதினோரு வருஷமாக அவர் அந்த மூலையை விட்டு நகர்ந்ததில்லை.

இந்த வருஷம் அவருக்கு எதிரில் கார்லீன் உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண், நடுவராக இரண்டாவது வருஷம். இரக்க சுபாவம்.

"ஆறாம் நம்பருக்கு இன்னும் ரெண்டு மார்க் போடலாமே டெல்மர். பாவம், முதல் தடவை காய்ச்சினவங்க மாதிரி இருக்கு."

"போடலாம். அடுத்த வருஷமும் இதே கழுநீரை எடுத்துட்டு வருவாங்க. நீயே உக்காந்து குடி."

"உங்க வீட்டம்மாவுக்குக் கோயில் கட்டணும்" என்றாள் கார்லீன், அடுத்த பாட்டிலைத் திறந்தபடி.

பதினோராம் நம்பர். யாருடையது என்று தெரியக் கூடாது என்பதற்காக பாட்டிலில் பேர் இருக்காது. மூடிகூட மையால் கறுப்படித்திருக்கும். டெல்மர் கோப்பையைத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்தார். ரொட்டியின் ஓரம் கருகாமல் சிவந்தால் வருமே, அந்த மணம் முதலில் வந்தது. அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. ஊரில் ஒரே ஒருவர்தான் மால்ட் என்கிற முளைகட்டிய தானியத்தில் ஒரு பிடியை எடுத்து இரும்புச் சட்டியில் வறுத்துப் போடுவார். அவர் பெயர் ரோமன் ஜெலின்ஸ்கி. அவரும் டெல்மரும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

அதற்குப் பின்னாலேயே இன்னொரு வாசனை வந்தது.

"ஐயோ!" கார்லீன் மூக்கைச் சுளித்தாள். "எங்கப்பா முழங்காலுக்குத் தேய்ப்பாரே, அந்தத் தைலம்! இதை வீட்டுல காய்ச்சினாங்களா, மருந்துக் கடையில காய்ச்சினாங்களா?"

டெல்மர் சிரிக்கவில்லை. கோப்பையை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனார்.

விஷயம் இதுதான். காய்ச்சிய பியரை அடைத்து கேஸ் ஏற்றி வைக்க இவர்கள் வாங்குகிற எஃகுப் பீப்பாய்கள் பெரும்பாலும் சோடாக் கம்பெனிகள் கழித்துக் கட்டியவை. அதில் பாதிக்குமேல் ரூட் பியர் அடைத்ததாக இருக்கும். பெயரில்தான் பியர், மற்றபடி தைல வாசனை அடிக்கிற இனிப்பு சோடா. எஃகைத் தேய்த்துக் கழுவினால் வாசனை போய்விடும். ரப்பர் மட்டும் விடாது. ஒரு பீப்பாயில் ஐந்து ரப்பர் வாஷர் உண்டு, ஐந்தையும் கழற்றி எறிந்து புதிதாகப் போட வேண்டும். நான்கு கண்ணுக்குச் சுலபமாகத் தெரியும். ஐந்தாவது, பியரை அடியிலிருந்து மேலே கொண்டுவருகிற நீளக் குழாயின் கழுத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். குடிக்கிற ஒவ்வொரு சொட்டும் அதை உரசிக்கொண்டுதான் வெளியே வரும்.

பதினான்கு வருஷம் டெல்மரும் ரோமனும் சேர்ந்து, டெல்மரின் கராஜில், சனிக்கிழமை தவறாமல் காய்ச்சினார்கள். அடுப்பும் தானியமும் ரோமன் பொறுப்பு. பாத்திரம், பீப்பாய், குழாய் எல்லாம் டெல்மர் பொறுப்பு. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைத்ததில்லை. பிறகு மாவட்டக் கண்காட்சியில் அவர்களுடைய லாகருக்கு முதல் பரிசான நீல ரிப்பன் கிடைத்தது. பத்திரிகையில் டெல்மர் பெயர் மட்டும் வந்தது. விண்ணப்பத்தை நிரப்பியவர் அவர்தான். "அந்தத் தாள்ல பேர் எழுத ஒரே வரிதான் இருந்துச்சு, நான் என்ன பண்ண?" என்றார். அத்தோடு விட்டிருந்தால்கூட ரோமன் பொறுத்துப் போயிருப்பார். "கராஜ் யாருது? அடுப்புக்கு கேஸ் யாரு வாங்கறா?" என்று கூடவே ஒரு வார்த்தை விட்டார் மனுஷன். ரோமன் மறுபேச்சு பேசாமல், பங்குக்கு வாங்கியிருந்த நான்கு பீப்பாயில் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இரண்டிலும் டெல்மர் நான்கு வாஷர்தான் மாற்றியிருந்தார். ஐந்தாவது தபாலில் வரவேண்டியிருந்தது. ரோமன் வண்டியில் ஏற்றும்போது சொல்ல வாய் எடுத்தார். சொல்லவில்லை. போகட்டும், தைலம் குடிக்கட்டும் என்று அந்த நிமிஷம் நினைத்தார். சத்தியமாக நினைத்தார். மறுநாளே வெட்கமாக இருந்தது, ஆனால் வீம்பு போனை எடுக்க விடவில்லை. ஒரு நாள் தள்ளினால் பத்து நாளாகிறது. பத்து நாள் தள்ளினால் இரண்டு வருஷம்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. வருகிற சனிக்கிழமை ரோமனின் மகள் ஹெலீனாவுக்குக் கல்யாணம். டெல்மர் ஞானஸ்நானத்தில் அவளுக்குப் பொறுப்பேற்ற ஞானத்தகப்பன். அழைப்பிதழ் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. 'இர்மா நிட்ச்கேயும் குடும்பத்தாரும்' என்று அவர் மனைவி பெயருக்கு வந்திருந்ததால், தான் வரப்போவதில்லை என்று முறைத்துக்கொண்டிருந்தார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்தி எல்லாரும் தூக்குகிற முதல் கோப்பையில் ரோமன் கையால் காய்ச்சிய லாகர்தான் என்று இர்மா சொல்லியிருந்தாள். அதுவும் இதே பீப்பாய்களில்தான் இருக்கும். இருநூறு பேர் ஒரே நேரத்தில் முகம் சுளிப்பார்கள். நடுவில் ரோமன், வாடகைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பார்.

வாயைத் திறக்காவிட்டால் இது தன் வேலை என்று ஒரு ஆளுக்கும் தெரியாது என்பதும் டெல்மருக்குத் தோன்றத்தான் செய்தது. மதிப்பெண் தாளோ தபாலில் போய்ச் சேர பத்து நாளாகும்.

"என்ன டெல்மர், பேச்சையே காணோம். நான் ஐம்பதுக்கு இருபத்திரண்டு போட்டேன். நீங்க?"

"இருபத்தொண்ணு."

"அட, என்னைவிட ஒண்ணுதான் கம்மி. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

டெல்மர் தாளின் அடியில் குறிப்பு எழுதுகிற இடத்தில் பேனாவை வைத்தார். வழக்கமாக அங்கே இவர் எழுதுவதைப் படித்துவிட்டுச் சிலர் காய்ச்சுவதையே விட்டதுண்டு. இன்றைக்கு நான்கு வரி எழுதினார். ஒரு தடவை படித்துப் பார்த்தார். எழுந்து போட்டி நடத்துகிறவரிடம் தாளைக் கொடுத்தார்.

"பதினொண்ணு யாருதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் மார்க் போடக் கூடாது."

"சரி, மார்க்கை அடிச்சுடறேன். வேற ஆளை உக்கார வைக்கறேன். எழுதினது அப்படியே காய்ச்சினவருக்குப் போய்ச் சேரட்டும், உதவும்." அவர் தாளைப் படிக்க ஆரம்பித்து, பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டெல்மரைப் பார்த்தார். வேறு யார் கண்ணிலும் படாமல் தாளை மடித்து வைத்தார். நல்ல மனுஷன்.

வீட்டுக்குப் போய் டெல்மர் கராஜ் ஃபிரிட்ஜைத் திறந்தார். ஈஸ்டருக்கென்று இரண்டு மாதமாகக் குளிரில் பழுக்கவிட்டிருந்த லாகர் அங்கே ஒரு முழுப் பீப்பாய் இருந்தது. இந்த வருஷம் காய்ச்சியதிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. அதைக் கட்டித் தூக்கி வண்டியில் வைத்தார். இர்மா சமையலறை ஜன்னலைத் திறந்தாள்.

"அதை எங்க கொண்டு போறீங்க?"

"ரோமன் வீட்டுக்கு."

"பாத்து ஓட்டுங்க. பீப்பாய் குலுங்கினா பியர் கலங்கும்" என்று மட்டும் சொல்லி இர்மா ஜன்னலைச் சாத்தினாள். ரோமனோடு சமாதானமாகப் போங்கள் என்று இரண்டு வருஷமாக அவள் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம், இப்போது எதையாவது சொல்லிக் கெடுத்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு.

ரோமன் கராஜ் வாசலில் பனிச்சேற்றை ஒதுக்கிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"என்னடா, வழி தவறி வந்துட்டியா?"

"உள்ள விடுவியா, மாட்டியா?"

"பீப்பாய் கொண்டு வந்திருக்கே. பீப்பாயை விடறேன். உன்னைப் பத்தி யோசிக்கணும்."

டெல்மர் சேற்றிலேயே நின்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு மறந்துவிட்டது.

"ரோமன், உன் பீப்பாய்ல அஞ்சாவது வாஷர் பழசு. நான் மாத்தல. அன்னிக்கு நீ தூக்கிட்டுப் போகும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல. உன் பொண்ணு கல்யாண பியர் பூரா தைல நாத்தம் அடிக்குது. அதை இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. இது என்னோடது, சுத்தமா இருக்கு. இதை ஊத்து. யார் காய்ச்சினதுன்னு யாரும் கேக்க வேண்டாம், உன்னுதுன்னே இருக்கட்டும்."

ரோமன் நிதானமாகக் கையுறையைக் கழற்றினார். கராஜுக்குள் போய் அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்து நீட்டினார். டெல்மர் திறந்தார். உள்ளே சுண்டுவிரல் மோதிரம் அளவுக்கு, கறுத்துப்போன ஒரு ரப்பர் வாஷர் இருந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை.

"முதல் தடவை காய்ச்சி இருபது லிட்டரையும் சாக்கடையில ஊத்தினேன்" என்றார் ரோமன். "ரெண்டாவது தடவையும் ஊத்தினேன். அப்புறம் சாப்பாட்டு மேஜை மேல பீப்பாயைப் போட்டு அக்கு அக்கா கழட்டினேன். இவர் கழுத்துல உக்காந்திருந்தார்."

"அப்ப... இன்னிக்கு நான் குடிச்சது?"

"ரெண்டு பீப்பாய் எடுத்துட்டு வந்தேன் இல்ல? ஒண்ணு கல்யாணத்துக்கு. ஒண்ணு உனக்கு." ரோமன் தாடையைச் சொறிந்துகொண்டார். "ஒரு மாசம் முன்னாடி உன்னோடதுல மட்டும் இந்தக் கிழவரைத் திரும்ப மாட்டினேன். பாட்டில்ல பிடிச்சு, சங்கத்துக்கு அனுப்பிட்டு, கழட்டி வெச்சுட்டேன். வருஷா வருஷம் ஹீட்டர் பக்கம் நீதானே உக்காருவே. நான் குடிச்சதை நீயும் ஒரு வாய் குடிக்கட்டுமேன்னுதான்."

டெல்மர் தீப்பெட்டியைப் பார்த்தார், ரோமனைப் பார்த்தார். அப்புறம் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது; கூடவே கண்ணும் கலங்கியது. பிறகு இரண்டும் ஒருவழியாக நின்றன.

"எத்தனை மார்க் போட்டே?" என்றார் ரோமன்.

"இருபத்தொண்ணு."

"தாராளம்தான். தாள்ல என்ன எழுதினே?"

"காய்ச்சினவர் கையில குறை இல்ல. வறுத்த மால்ட் பிரமாதம். குறை பீப்பாயைக் கொடுத்தவனோடது, அவன் தெரிஞ்சே சொல்லாம விட்டான்னு எழுதினேன்."

"கொடுத்தவன் பேரு?"

"அடியில போட்டிருக்கேன். முழுப் பேரும்."

"அந்தத் தாள்ல பேர் எழுத எத்தனை வரி இருந்துச்சு?"

டெல்மர் சேற்றைப் பார்த்தார். "ஒரே வரிதான்" என்றார். "அன்னிக்கும் ஓரத்துல இடம் இருந்துச்சு ரோமன். உன் பேரை எழுதியிருக்கலாம். நான்தான் எழுதல."

ரோமன் வண்டிப் பின்கதவைத் திறந்து பீப்பாயின் ஒரு காதைப் பிடித்தார். மறு காதை டெல்மர் பிடித்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்க அதை உள்ளே கொண்டுபோய், கல்யாணப் பீப்பாய்க்குப் பக்கத்தில் குலுங்காமல் இறக்கினார்கள்.

"ஒரு பீப்பாய் இருநூறு பேருக்கு எப்படிக் காணும்னு ஹெலீனா கேட்டுக்கிட்டே இருந்தா" என்றார் ரோமன். "ரெண்டையும் மாட்டிடலாம். குழாய்க்கு மேல ஒரு அட்டை தொங்க விடணுமாம், யார் காய்ச்சினதுன்னு. என் எழுத்து கோழிக் கிறுக்கல். நீ எழுது."

டெல்மர் அட்டையை முழங்காலில் வைத்து, தடித்த பேனாவால் ரோமன் ஜெலின்ஸ்கி என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஏன், இடம் இல்லையா?" என்றார் ரோமன்.

"இருக்கு" என்றார் டெல்மர். பேனாவைத் திறந்து, அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதினார்.